ஏறுமுன் இறங்குவதை யோசியுங்கள்

கோடை பிறந்ததும் நம் வீடுகளில் ஒரு மகாநாடு கூடுவது வழக்கம். இந்த வருஷம் எந்த மலைக்குப் போவது என்பதே அதன் விஷயம். உதகமண்டலமா, கொடைக்கானலா, ஏற்காடா என்று மூன்று நாள் காரசாரமான விவாதம் நடக்கும். யார் யாருக்குக் கம்பளிச் சட்டை இல்லை, முறுக்கு எத்தனை படி மாவில் சுற்றுவது, பாட்டியை அழைத்துப் போவதா அல்லது பாட்டியிடம் வீட்டை ஒப்படைத்துப் போவதா என்பன போன்ற தீர்மானங்கள் ஒவ்வொன்றாக நிறைவேறும். எல்லாம் முடிந்தபின் ஏதாவது ஒரு குழந்தை, "திரும்பி எப்படி வருவது?" என்று கேட்டு வைக்கும். உடனே அக்கிராசனர் ஸ்தானத்தில் இருக்கும் பெரியவர், "அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி மகாநாட்டைக் கலைத்துவிடுவார்.

இந்தப் 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஒரு சொல்லைப் போல் நம்மவர்களை நடுத்தெருவில் நிறுத்திய சொல் தமிழில் வேறு இல்லை என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். மலைக்குப் போகும் பிரயாணத்தில் ஏதாவது பிசகினால், ஒரு வேளை உல்லாசம் குறையும், அவ்வளவுதான். திரும்பும் பிரயாணத்தில் பிசகினால், மறுநாள் காலை திறக்கவேண்டிய கடை திறக்காது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு வாத்தியாரின்றி இரைச்சலிடும். ஒரு நோயாளிக்கு வைத்தியர் குறித்துக் கொடுத்த நேரம் தப்பிப்போகும். போவது நம் இஷ்டம். வருவது நம் கடமை. கடமையை விட்டுவிட்டு இஷ்டத்துக்கு மட்டும் திட்டம் போடும் வழக்கத்தைப் பற்றியே இந்த வாரம் நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறோம். இதைப் பிறருக்கு உபதேசமாகச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. நாம் செய்த ஒரு பிழையின் கதை பின்னால் வருகிறது.

உதகையிலிருந்து சென்னைக்குத் திரும்புவதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது, உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரையில் மலை இறங்குவது. மலை ரயிலில் இது 46 கிலோமீட்டர். இரண்டாவது, மேட்டுப்பாளையத்திலிருந்து கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், காட்பாடி வழியாகச் சென்னை சென்ட்ரலுக்கு வருவது. இது சுமார் 530 கிலோமீட்டர். நீலகிரி எக்ஸ்பிரஸ் இதை ஓர் இரவில் கடந்துவிடுகிறது. நம்மில் அநேகர் 530 கிலோமீட்டரைப் பற்றியே கவலைப்படுகிறோம். 46 கிலோமீட்டரை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. வாஸ்தவத்தில் நேர்மாறாக இருக்கவேண்டும். சமவெளியில் ரயில் ஏறிப் படுத்துவிட்டால் மிச்சத்தை ரயில்வேக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். உதகை சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்கும் தாழ்ந்தது. இந்த உயரத்தை இறங்கித் தீர்ப்பது நம்முடைய பொறுப்பு.

மலை ரயிலின் கதையே இதற்கு நல்ல பாடம். நீலகிரிக்கு ரயில் போடும் யோசனை 1854-லேயே பிறந்துவிட்டது. வேலை தொடங்கியதோ 1891-ல். 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகை வரையிலும் வண்டி ஓடிற்று. 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், 208 வளைவுகள் அந்தப் பாதையில் இருக்கின்றன. கோடை வந்தால் சென்னை ராஜதானியின் கவர்னரும் அவர் பரிவாரங்களும் கச்சேரிக் கட்டுகளோடு உதகைக்கு ஏறிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். ஆளும் ஜாதியார் குளிர் காய்வதற்காக நமது ஜனங்கள் பாறையைப் பிளந்தார்கள். இன்று அதே பாதையில் திருப்பூர்ப் பனியன் தொழிலாளியும் தஞ்சாவூர்க் குடியானவரும் தங்கள் குழந்தைகளோடு ஜன்னலோரம் உட்கார்ந்து பிரயாணம் செய்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது நமக்குப் பெருமைதான். சாமானிய ஜனங்கள் அதில் ஏறி உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய பெருமை என்று நாம் கருதுகிறோம்.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை மிகவும் செங்குத்தானது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி வீதம் உயர்கிறது. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். ஆகையால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அதைக் கௌவிப் பிடித்துக்கொண்டு நகரும். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று பெட்டிகள் உருண்டுவிடாமல் தாங்கும். போதாததற்குப் பெட்டிக்கு ஒருவராக பிரேக் பிடிப்பவர்களும் நின்றுகொண்டு வருகிறார்கள். ஏறுவதற்கு வேண்டியது பலம், இறங்குவதற்கு வேண்டியது ஜாக்கிரதை என்பதை அந்தக் கிழட்டு எஞ்சின் நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம்தான் காதில் வாங்கவில்லை.

இனி நமது சொந்தக் கதை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதத்தில் நாமும், நம் தம்பியும், இருவர் குடும்பத்தாருமாக உதகைக்குப் போயிருந்தோம். தம்பியின் மூத்த பெண் பட்டப் படிப்பை முடித்து, ஓர் உத்தியோகத்துக்கான பரீட்சையிலும் தேறியிருந்தாள். நாங்கள் மலையில் இருக்கும்போதே சென்னையிலிருந்து அவளுக்கு உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ்களை நேரில் காட்டவேண்டும். அதனால் கவலை ஏதுமில்லை. ஞாயிறு இரவு மேட்டுப்பாளையத்தில் ஏறுவதற்கு எல்லோருக்கும் படுக்கை இடம் முன்னமே வாங்கியிருந்தோம். மலை ரயிலில் மட்டும் இடம் கிடைக்கவில்லை. ஆகையால் ஒரு வேன் அமர்த்திக்கொண்டோம்.

ஐம்பது கிலோமீட்டர் சாலை. இரண்டு மணி நேரம் போதும் என்றார்கள். இருந்தாலும் நாம் முன்யோசனைக்காரர் அல்லவா? பிற்பகல் மூன்று மணிக்கே எல்லோரையும் விரட்டி வண்டியில் ஏற்றிவிட்டோம். கையில் நிறைய நேரம் இருக்கிறது என்ற எண்ணத்தில் நம்மைப் பற்றி நமக்கே மதிப்பு அதிகமாகிவிட்டது. அந்த மதிப்புத்தான் அனர்த்தத்துக்குக் காரணம்.

குன்னூர் வந்ததும் சிம்ஸ் பூங்காவை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றோம். பார்வை ஒரு மணி நேரம் நீண்டது. பிறகு பர்லியார் வந்தது. சாலையோரத்தில் கூடை கூடையாக மங்குஸ்தான் பழம்! சென்னையில் என்ன விலை, இங்கே என்ன விலை என்று நாமே இறங்கிப் பேரம் பேசத் தொடங்கினோம். தம்பி பெண் வண்டிக்குள்ளிருந்து, "பெரியப்பா, நேரமாகிறதே" என்று மெதுவாகச் சொன்னாள். "இதோ வந்துவிட்டேன், அம்மா. ரயில் இரவுதானே? பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் பதில் சொன்னோம். ஆம், அதே சொல்லைத்தான் சொன்னோம். பழம் வாங்கி முடிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று.

அடுத்த இரண்டாவது வளைவில் வண்டிகள் அசையாமல் நின்றிருந்தன. கீழே எங்கேயோ ஒரு லாரி கொண்டை ஊசி வளைவில் குறுக்கே சிக்கிக்கொண்டதாம். மேலிருந்து வந்த வண்டிகளும் கீழிருந்து வந்த வண்டிகளும் ஒன்றுக்கொன்று வழி கொடாமல் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. பொழுது சாய்ந்தது, குரங்குகள் மரமேறின, குழந்தைகள் அழுது ஓய்ந்தன. வண்டி மறுபடி நகர்ந்து நாங்கள் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குள் ஓடியபோது, ரயில் புறப்பட்டுப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

பன்னிரண்டு நிமிஷம்! பர்லியாரில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைப்பதற்காக நாம் செலவழித்ததில் பாதிகூட இல்லை.

மற்றவர்களை மேட்டுப்பாளையத்தில் ஒரு விடுதியில் தங்கச் செய்துவிட்டு, நாமும் அந்தப் பெண்ணும் மட்டும் அதே வேனில் கோயம்புத்தூருக்குப் பறந்தோம். அங்கே சென்னைக்குப் போகும் இன்னொரு ரயில் புறப்படும் தறுவாயில் இருந்தது. முன்பதிவில்லாத பொதுப் பெட்டிக்கு டிக்கட்டு வாங்கி ஏறினோம். ஏறினோம் என்று சொல்வது மிகை. பின்னால் வந்தவர்கள் ஏற்றிவிட்டார்கள். காலை ஊன்ற இடமில்லை. சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கதவோரம் நின்றாள். திருப்பூர் போயிற்று, ஈரோடு போயிற்று. நமக்குக் கிடைத்த ஒரு முனை இடத்தை அவளுக்குக் கொடுத்தோம். "நீங்கள் உட்காருங்கள், பெரியப்பா, எனக்குக் கால் வலிக்கவில்லை" என்றாள். சேலம் தாண்டியபின், தரையில் துணி விரித்துக் குழந்தையோடு படுத்திருந்த ஓர் அம்மாள் எழுந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "இங்கே குந்திக்கோ, கண்ணு" என்று ஒரு சாண் இடம் விட்டாள். கட்டட வேலைக்குச் சென்னை போகிறவளாம். அவள் பெயரைக்கூட நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் சென்னை வந்து, முகம் கழுவி, பத்து மணிக்குச் சில நிமிஷங்கள் முன்பாக அவளைக் காரியாலய வாசலில் கொண்டு சேர்த்தோம். உள்ளே போய்ப் பையைத் திறந்தால், வேனில் அதன்மேல் பழக்கூடையை யாரோ வைத்ததன் பலன் தெரிந்தது. மங்குஸ்தான் தோலின் சாறு ஒரு நகலில் பெரிய ஊதாக் கறையாகப் படிந்திருந்தது. நல்ல வேளையாக மூலப் பத்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "இது என்ன?" என்று உத்தியோகஸ்தர் கேட்டாராம். "பழக்கறை" என்று இவள் சொன்னாளாம். வேறு நகல் எடுத்து வரும்படி சொல்லி வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டார்.

அந்த உத்தியோகம் அவளுக்குக் கிடைக்கவில்லை. தேர்வு மதிப்பெண்ணின்படி பார்த்தால் கிடைத்திருக்காது என்று தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள். கறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் இராத்திரி முழுவதும் கண் விழித்து நின்ற ஒரு பெண், சிவந்த கண்களுடன் அந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றதற்கு யார் காரணம் என்பது நமக்குத் தெரியும். இன்றுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நமக்கு இவ்வளவு உறைத்திராது.

பெரியவர்களின் 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல்லுக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் எதிர்த்துப் பேசமுடியாதவர்களே. வீட்டுப் பெண்கள், குழந்தைகள், வயோதிகர்கள் ஆகியோரே நடைமேடையில் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை உத்தேசித்தே நாம் கற்றுக்கொண்ட சில விதிகளைக் கீழே சொல்லுகிறோம்.

முதல் விதி: கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். உதகையில் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று ஆரம்பிக்காதீர்கள். சென்னையில் எந்த நேரத்தில் எந்த வாசலில் நிற்கவேண்டும் என்று ஆரம்பியுங்கள். அங்கிருந்து ரயிலுக்கு வாருங்கள். ரயிலிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வாருங்கள். பிறகு மலைமேல் ஏறுங்கள். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும் காரியம் கெடாதா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கெடும் என்றால் ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுங்கள். கட்டாயமான காரியத்துக்கு முந்தின இரவு பிரயாணம் செய்வது சூதாட்டத்துக்குச் சமானம்.

இரண்டாவது விதி: திரும்பும் டிக்கட்டை மறவாதீர்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் ரயில்களில் அறுபது நாட்களுக்கு முன்னால்தான் முன்பதிவு செய்யமுடிகிறது. அதற்கு முன் 120 நாள் அவகாசம் இருந்தது. மே 10-ந் தேதி போய் 15-ந் தேதி திரும்புகிறவருக்கு, போகும் டிக்கட்டு கிடைக்கும் நாளில் திரும்பும் டிக்கட்டு விற்பனைக்கே வந்திராது. ஐந்து நாள் கழித்துத்தான் வரும். போகும் டிக்கட்டைக் கையில் வாங்கிய சந்தோஷத்தில் அந்த ஐந்தாம் நாள் மறந்துபோய்விடுகிறது. அதுவோ மார்ச்சு மாதம். பிள்ளைகளின் பரீட்சைக் காலம். வீட்டில் யாருக்கு நினைவிருக்கும்? நாட்காட்டியில் அந்த நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள்.

மூன்றாவது விதி: பாதி நிச்சயத்தை முழு நிச்சயமாக எண்ணாதீர்கள். 'ஆர்.ஏ.சி.' என்று வந்தால் வண்டியில் ஏறலாம். ஆனால் ஒரு படுக்கையை இருவர் பகிர்ந்து உட்கார்ந்து வரவேண்டி நேரலாம். காத்திருப்போர் பட்டியலில் இருந்தால் முன்பதிவுப் பெட்டியில் ஏற உரிமையில்லை. இணையத்தில் வாங்கிய டிக்கட்டு கடைசிவரை காத்திருப்பிலேயே நின்றுவிட்டால், அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். பணம் திரும்பும், நாம் திரும்பமுடியாது. 'தத்கால்' என்ற அவசர டிக்கட்டு பிரயாணத்துக்கு முந்தின நாள் காலையில் கிடைக்கும். குளிர்சாதன வகுப்புக்குப் பத்து மணிக்கும் மற்ற வகுப்புக்குப் பதினொரு மணிக்கும் விற்பனை தொடங்குகிறது. 2025 ஜூலை முதல் இணையத்தில் இதை வாங்க ஆதார் சரிபார்ப்பும் வேண்டியிருக்கிறது. மலையுச்சியில் கைப்பேசிக்கு அலை கிடைக்கிறதா என்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு தத்காலை நம்பியிருப்பது புத்திசாலித்தனமாகாது.

நான்காவது விதி: மலை ரயிலில் இடம் கிடைத்தால் அதுவே உத்தமம். நெடுங்காலமாக அது உதகையில் பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டு, மூன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் வந்து சேருகிறது. அங்கே இரவு ரயிலுக்குச் சாவகாசமாகக் காத்திருக்கலாம். ஸ்டேஷனை விட்டு வெளியே போகவும் வேண்டாம். ஆனால் வண்டியோ சிறியது. கோடையில் இடம் வெகு சீக்கிரம் தீர்ந்துபோகும். முழுத் தூரத்துக்கும் கிடைக்காதவர்கள் உதகையிலிருந்து குன்னூர் வரையில் மட்டும் ரயிலில் வந்து, கேத்திப் பள்ளத்தாக்கைக் கண்ணாரக் கண்டுவிட்டு, குன்னூரிலிருந்து பஸ்ஸில் இறங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லாறுப் பக்கம் மண் சரிந்து மலை ரயில் நாட்கணக்கில் நின்றுபோவதுண்டு. அந்த மாதங்களில் போகிறவர்கள் மாற்று வழியையும் யோசித்து வைக்கவேண்டும்.

ஐந்தாவது விதி: சாலை வழி வருகிறவர்கள் கிலோமீட்டரை எண்ணாதீர்கள், வண்டிகளை எண்ணுங்கள். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் நீலகிரியில் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பே கட்டவேண்டியதாயிற்று. வரம்பு கட்டியபின்னும் நாளொன்றுக்கு ஆறாயிரம் என்றால் நெரிசல் எப்படி என்பதை ஊகித்துக்கொள்ளலாம். சீசன் காலத்தில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. அது சுற்று வழி. இரண்டு மணி நேரப் பாதைக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆறாவது விதிதான் எல்லாவற்றிலும் முக்கியம். நாம் ஓர் இரவு முழுவதும் நின்று கற்றது. மிச்சப்படுத்திய நேரத்தை மலைமேல் செலவழிக்காதீர்கள். கீழே வந்தபின் செலவழியுங்கள். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக மேட்டுப்பாளையத்துக்கு வந்து, நடைமேடையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவது வீணல்ல. அந்தக் கொட்டாவிக்குப் பெயர்தான் நிம்மதி. மங்குஸ்தான் வேண்டுமானால் முதல் நாளே ஒருவரை அனுப்பி வாங்கிவிடுங்கள். அல்லது அடுத்த வருஷம் சாப்பிடுங்கள்.

இரவு ரயில் ஒத்துவராதவர்கள் கோயம்புத்தூரில் ஏறும் பகல் ரயில்களை நாடலாம். பிற்பகலில் கோவை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் காலையில் புறப்படுகிறது. ஆனால் காலை ரயிலைப் பிடிக்க உதகையிலிருந்து இருட்டோடு இருட்டாக இறங்க எண்ணாதீர்கள். முந்தின நாளே இறங்கிக் கோவையில் தங்குவது உசிதம். நள்ளிரவுக்குப் பின் நடுவழி ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்கள் தேதியையும் ஒரு தடவை சரி பார்க்கவேண்டும். பன்னிரண்டு மணி அடித்தால் மறுநாள் தேதி என்பதை மறந்து, ஒரு நாள் பிந்தி ஸ்டேஷனுக்கு வந்து விழிப்பவர்கள் உண்டு. எந்த ரயிலானாலும் புறப்படும் நேரத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஆகையால் போன வருஷத்து ஞாபகத்தை நம்பாமல் புதிய அட்டவணையைப் பாருங்கள்.

குடும்ப ஸ்திரீகளுக்கு ஒரு விண்ணப்பம். இறங்கும் நாளன்று குழந்தைகளுக்கு வயிறு முட்ட ஆகாரம் கொடாதீர்கள். வளைவுகளில் அது நிற்காது. மேலே குளிர், கீழே மே மாதத்து வெயில்; ஆகையால் கம்பளியைக் கழற்றினால் வைக்க ஒரு பை மேலாக இருக்கட்டும். பிளாஸ்டிக் நீர்ப்புட்டிகளுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. பழைய பித்தளைக் கூஜாவை மறுபடி எடுத்துத் துலக்க இது நல்ல சந்தர்ப்பம். முக்கியமான காகிதங்களைப் பழக்கூடைக்கு அருகில் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. மகாத்மா காந்தி மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்து, அதில் ஏழைகள் படும் அவதியைப் பற்றி 1917-ல் ஒரு சிறு நூலே எழுதினார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் எடுபட்டுப்போயிற்று. பெயர் போயிற்று, பொதுப் பெட்டியின் நெரிசல் போகவில்லை. நாம் நம் பிழையால் ஓர் இரவு அதில் நின்றோம். வேறு வழியில்லாமல் வருஷம் முழுவதும் அதில் நிற்பவர்கள் லக்ஷோப லக்ஷம். அவர்களுக்குக் கூடுதல் பெட்டிகள் வேண்டுமென்று கேட்பது, படுக்கை வசதியோடு உறங்கி வருகிற நம் போன்றவர்களின் கடமையும் ஆகும். உரிமையில்லாத இடத்தில், தன் குழந்தையை மடிக்கு மாற்றிக்கொண்டு ஒரு சாண் இடம் விட்டாளே ஒருத்தி, அவளிடமிருந்து நாம் கற்கவேண்டியது இந்த விதிகளையெல்லாம்விடப் பெரிது.

தம்பி பெண்ணுக்கு மறு வருஷம் வேறோர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. இந்தக் கோடையில் மறுபடி உதகைக்குப் போகலாமா என்று வீட்டில் மகாநாடு கூடிற்று. இந்தத் தடவை நாம் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒரு காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள். எட்டிப் பார்த்தோம். முதல் வரியில், சென்னைக்குத் திரும்பும் ரயிலின் பெயரும் தேதியும் இருந்தன. கடைசி வரியில்தான் உதகைக்குப் போகும் ரயில் இருந்தது. நடுவே ஓரிடத்தில், "பர்லியார்: நிற்கக்கூடாது" என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தாள்.

அடிக்கோடு ஊதா நிற மையில் இருந்தது.